ஆத்துலயே மாமா சுட்ட ரொட்டி

உலகத்தில் கடை என்று ஒன்று இருப்பதையே சொந்தப் பகையாக எடுத்துக்கொண்ட மனிதர் ஒருவரோடு நான் ஒரே வீட்டில் குடியிருந்திருக்கிறேன். மயிலாப்பூர்க் குளத்துக்கு மேற்கே, இரண்டு மாடுகள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கித்தான் ஆக வேண்டும் என்கிற அகலத்தில் ஒரு சந்து. அந்தச் சந்தில் யார் எந்தப் பொட்டலத்தோடு வந்தாலும் அவர் வழிமறிப்பார். "என்னது? காப்பிப் பொடியா? இதுக்குப் போயி கடையா? ஆத்துலயே பண்ணிடலாமே!" என்பார். வாங்கியவருக்குப் பொட்டலம் கையில் சுடும்.

அதனால் அவர் பெயரே 'ஆத்துலயே மாமா' ஆகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. தபால்காரர் அதை உறையிலிருந்து உரக்கப் படித்துவிட்டு, "இது யாரு, நம்ம ஆத்துலயே மாமாவா?" என்று கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகுதான் தபாலைக் கொடுப்பார்.

அப்போது நான் தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து பட்டணத்துக்கு வேலைக்கு வந்த புதிது. அவருடைய வீட்டு முன்னறையில் குடக்கூலிக்கு இருந்தேன். சாப்பாடும் அங்கேயேதான். மாமா சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் ஹெட் கிளார்க். ஒரே பெண்ணைப் பம்பாயில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. வீட்டில் அவரும் செல்லம் மாமியும்தான். ஆகவே அவர் ஆராய்ச்சிகளைத் தின்று பார்க்க மாமிக்கு அடுத்தபடி நான்தான் அகப்பட்டேன்.

ஒரு கோடையில் சோடாவில் ஆரம்பித்தார். கோலி சோடா பாட்டில் ஒன்றை எங்கிருந்தோ தேடிப் பிடித்தார். ஆப்ப சோடாவையும் எலுமிச்சம் பழச் சாற்றையும் உள்ளே விட்டுக் கோலியை அடைத்து, கொல்லையில் ஈர மணலில் புதைத்தார். மத்தியானம் சந்தே நடுங்குகிற மாதிரி ஒரு வெடி. பாட்டில் போன இடம் தெரியவில்லை. கோலி மாத்திரம் நான்கு நாள் கழித்து வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் கொடியில் காய்த்த பரங்கிக்காயைக் கூட்டுக்கு அறுத்தார்களாம், உள்ளே இருந்ததாம். மாமா அதைத் துடைத்துப் பத்திரமாக மாடத்தில் வைத்தார். "பாட்டில்தான் போச்சு. கோலி நஷ்டமில்லே" என்றார்.

அப்புறம் காப்பி. புளியங்கொட்டையையும் பேரீச்சங் கொட்டையையும் கருக வறுத்து இடித்து, அதற்குக் காப்பிப் பொடி என்று பெயரும் வைத்தார். ஆபீஸிலிருந்து பார்க்க வந்த சிநேகிதர் ஒருவர் அதை ஒரு வாய் குடித்தார். உடனே முகம் வாடி மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எத்தனை நாளா உடம்பு சரியில்லே? சொல்லவே இல்லையே! கஷாயம் வெச்சுக் குடிக்கிற அளவுக்கு ஆயிடுத்தா?" என்று விசாரித்தார். செல்லம் மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உப்பு விஷயம்தான் அவரைப் பிரபலப்படுத்தியது. ஊரெல்லாம் சட்டத்தை மீறி உப்புக் காய்ச்சிக்கொண்டிருந்த காலம் அது. கதர்ச் சட்டைப் பையன்கள் அடி வாங்கினார்கள், ஜெயிலுக்குப் போனார்கள். இந்தக் கலவரத்தில் மாமாவின் காதில் விழுந்தது ஒரே ஒரு விஷயம்: கடல் தண்ணீரைக் காய்ச்சினால் உப்புக் கிடைக்கும், கடைக்குப் போக வேண்டாம். மறுநாள் விடிந்ததும் குடத்தோடு சாந்தோம் கடற்கரைக்குப் போனார். திரும்புகிற வழியில் ஒரு கான்ஸ்டேபிள் மறித்தான்.

"இன்னா சாமி, கொடத்துல இன்னா கீது?"

"சமுத்திர ஜலம்."

"அது எதுக்கு?"

"காய்ச்சினா உப்பாகுமாமே!"

"அத்த எங்கையிலயே சொல்றியா? நட டேசனுக்கு!"

"ஐயையோ, நான் சர்க்கார் ஆபீஸ்ல இருக்கறவன். தேசத் தொண்டு பண்றவன் இல்லேப்பா. சிக்கனம் பண்றவன்!"

கான்ஸ்டேபிள் தலையைச் சொறிந்தான். சிக்கனத்துக்கு என்ன செக்ஷன் என்று அவனுக்குத் தெரியவில்லை. "கவருமெண்டு சோறு துன்னுக்கினு இப்டிச் செய்யலாமா? கொட்டிட்டு வூட்டுக்குப் போ சாமி" என்று விட்டுவிட்டான். ஆனால் போலீஸ்காரன் மறித்ததைப் பார்த்த பையன்கள் சும்மா இருப்பார்களா? சந்துக்குள் வரும்போதே "உப்பு எடுத்த மாமாவுக்கு ஜே!" என்று கத்தி ஒரு மாலையையும் கழுத்தில் போட்டுவிட்டார்கள். மாமா மாலையைத் தூக்கிப் பார்த்தார். "கடையில வாங்கினேளா? அடடா, கொல்லையில அரளி இருக்கே, ஆத்துலயே தொடுத்திருக்கலாமேடா!" என்றார்.

இதையெல்லாம் சொல்லி நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த சமயத்தில், ஆடி பிறந்ததும் செல்லம் மாமிக்கு ஜுரம் வந்தது. சாதாரண ஜுரம் இல்லை. விஷ ஜுரம். வாரக்கணக்கில் கஞ்சித் தண்ணீரிலேயே கிடந்தாள். ஒருவழியாக ஜுரம் இறங்கியபோது பாயில் மாமி இருக்கிறாளா, புடைவை மாத்திரம் கிடக்கிறதா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. தண்ணீர் கேட்டால் குரல் கூடத்திலிருந்து சமையலறைக்கு எட்டவில்லை. மாமா பூஜை மணியைக் கொண்டுவந்து அவள் தலைமாட்டில் வைத்தார்.

டாக்டர் மாமாவை வாசலுக்கு அழைத்துச் சொன்னார். "அரிசி இப்போ ஆகாது. குடல் தாங்காது. ரொட்டியைப் பால்ல ஊறப்போட்டுக் குடுங்கோ. உடம்புல ஏதாவது ஒட்டியாகணும். இப்படியே கஞ்சித் தண்ணியில ஓட்டிண்டிருந்தா அப்புறம் என்னைக் கேக்காதேங்கோ."

நான் ஓட்டமாக ஓடிச் சாந்தோம் ரொட்டிக் கிடங்கிலிருந்து ஒரு ரொட்டி வாங்கி வந்தேன். அதைப் பார்த்ததும் மாமி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"முட்டை போட்டிருப்பான். எவன் காலால மிதிச்சுப் பிசைஞ்சானோ! வேண்டாம். போற உசிரு மடி ஆசாரத்தோடவே போகட்டும்."

கெஞ்சினோம், மிரட்டினோம். எதற்கும் மசியவில்லை. மாமா பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"செல்லம், ஆத்துலயே பண்றேன். என் கையால. முட்டை கிடையாது, வெளி மாவு கிடையாது. சாப்பிடுவியா?"

எத்தனையோ தடவை கேட்டிருந்த அதே பேச்சுதான். ஆனால் அன்று அதில் ஜம்பம் இல்லை. மாமி திரும்பி அவரைப் பார்த்தாள். "நீங்க பண்ணினா சாப்பிடறேன்" என்றாள். அந்தக் காப்பியைக் குடித்திருந்தும் இப்படி வாக்குக் கொடுக்கிறாளே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மண்ணெண்ணெய் டின் ஒன்றைத் தேய்த்துக் கழுவி, அடியிலும் மூடியிலும் கரி நெருப்புப் போட்டு அடுப்புத் தயாராகிவிட்டது. கோதுமையை வீட்டு எந்திரத்திலேயே அரைத்து மாவும் ஆயிற்று. மாவு பொங்க வேண்டும் என்பது வரை மாமாவுக்குத் தெரியும். பொங்க வைக்க மயிலாப்பூரில் ஒரே சாஸ்திரம்தான். முந்தின நாள் அரைத்த இட்லி மாவில் ஒரு கரண்டியை எடுத்துக் கலந்தார். வெளியே வந்த வஸ்து மேலே கரியாகவும் நடுவே களியாகவும் இருந்தது. அடுத்து, புளித்த மோரை விட்டுப் பிசைந்தார். இந்தத் தடவை முழுவதும் ஒரே சீராக இருந்தது. அம்மிக் குழவி கூட அப்படித்தான் இருக்கும்.

மாமி வாக்குத் தவறவில்லை. ஒரு விள்ளல் வாயில் போட்டு இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக ஒதுக்கிப் பார்த்துவிட்டு, மாமா அந்தண்டை திரும்பியதும் சத்தமில்லாமல் எடுத்துக் கீழே வைத்தாள். மாமா அதைப் பார்த்துவிட்டார். பார்க்காத மாதிரி சமையலறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் ஆபீஸுக்கு லீவு போட்டார். என்னையும் இழுத்துக்கொண்டு சாந்தோம் ரொட்டிக் கிடங்குக்கே போனார். கடைப் படியேறி ஒருவரிடம் யோசனை கேட்டது அவர் ஆயுளில் அதுதான் முதல் தடவை. கிடங்கு மேஸ்திரி நல்ல கனத்த ஆள். முழங்கை வரை மாவு. இட்லி மாவுக் கதையைக் கேட்டதும் வயிறு குலுங்கச் சிரித்தான்.

"இட்லி மாவுல ரொட்டியா! நல்லாக் கீதே சாமி! கள்ளு ஊத்தணும்."

"எது?"

"கள்ளு. தென்னங் கள்ளு. மாவுல ஊத்திப் பெசஞ்சு மூடி வையி. பூ மாதிரிப் பொங்கினு வரும்."

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. "வேற... ஏதாவது போட்டா ஆகாதா?"

"வேற இன்னாத்தப் போடுவே? மெட்ராஸ்ல தொரைங்க துன்ற ரொட்டி அத்தினியும் இதுல பொங்கினதுதான். அடுப்புல வச்சா நெடியெல்லாம் பூடும், கவலப்படாத. ஆருக்கு சாமி ரொட்டி?"

"என் ஆத்துக்காரிக்கு. ஜுரத்துல கிடந்து எழுந்திருக்கா."

மேஸ்திரி சிரிப்பை நிறுத்தினான். கையைத் துடைத்துக்கொண்டு, எவ்வளவு மாவுக்கு எவ்வளவு கள், எவ்வளவு நேரம் மூடி வைப்பது என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான்.

வழியெல்லாம் மாமா பேசிக்கொண்டே வந்தார். "இளநீரை ஸ்வாமிக்கே அபிஷேகம் பண்றோம். அதே மரம். அதே ஜலம். கொஞ்சம் மேலே கட்டின பானையில விழறது, அவ்வளவுதானே? நெருப்புல வெச்சா எல்லாம் சுத்தம். வேதத்துலயே அக்னியை..."

"மாமா, எனக்கு ஒண்ணும் ஆக்ஷேபணை இல்லே. என்னைச் சமாதானம் பண்ண வேண்டாம்."

"உன்னை யாருடா பண்றா? என்னைப் பண்ணிண்டிருக்கேன்!"

மாமிக்குத் தெரிந்தால் ரொட்டியைத் தொட மாட்டாள். ஆகவே ஒருவருக்கும் தெரியக் கூடாது. மயிலாப்பூரை விட்டு விலகி, தேனாம்பேட்டைத் தோப்புப் பக்கம் இருந்த கள்ளுக்கடைக்குப் போவதென்று முடிவாயிற்று. மாமா எதை எப்போது ரகசியமாகச் செய்திருக்கிறார்? பஞ்சகச்சம், நெற்றி நிறைய விபூதி, கையில் தளதளவென்று தேய்த்த பித்தளைக் கூஜா. காசி யாத்திரைக்குப் புறப்பட்ட மாதிரி நடந்து வந்தார்.

கடை வாசலில்தான் விதி நின்றுகொண்டிருந்தது. கள்ளுக்கடை மறியல் மும்முரமாக நடந்த நாட்கள் அவை. கதர்க்குல்லாய்த் தொண்டர்கள் வரிசையாக நின்று, குடிக்க வருகிறவர்களின் காலில் விழுந்து, 'வேண்டாம் ஐயா' என்று கெஞ்சுவார்கள். மாமாவைக் கண்டதும் முதல் பையன் தடாலென்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். சின்னவர்கள் காலில் விழுந்தால் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? மாமா கையைத் தூக்கி, "தீர்க்காயுசா இருடாப்பா" என்றார். அடுத்தவன் விழுந்தான். "க்ஷேமமா இரு." மூன்றாமவன். "சீக்கிரம் விவாகம் ஆகட்டும்." இப்படி ஒவ்வொருவரையும் வாயார வாழ்த்திவிட்டு, சாவகாசமாகக் கடைக்குள் நுழைந்தார். மறியல் சரித்திரத்திலேயே கடைக்கு வந்தவரிடம் தொண்டர்கள் ஆசீர்வாதம் வாங்கியது அன்றுதான் இருக்கும்.

முதலில் விழுந்த பையன் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். எங்கள் எதிர்வீட்டு ரிடையர்டு ஸப் ரிஜிஸ்திராரின் பிள்ளை! உப்பு எடுத்த மாமாவுக்கு அன்று மாலை போட்டவனும் அவன்தான். "ஸார், உள்ளே போறது மாமாதானே?" என்று கேட்டான்.

உள்ளே குடித்துக்கொண்டிருந்தவர்கள் மரியாதையாக எழுந்து நின்றார்கள். "ஐயரு வந்துகீறாரு, எடம் வுடுங்கடா!" என்றான் ஒருவன். கடைக்காரன், "இன்னா சாமி, வழி தப்பி வந்துட்டியா?" என்றான்.

"நன்னா நுரைச்சதா ஒரு கூஜா குடு" என்றார் மாமா. கேட்ட காசை எண்ணி வைத்தார். கறிவேப்பிலைக்குக்கூடக் கால் மணி நேரம் பேரம் பேசுகிற மனிதர். மாமியைப் பற்றி அவருக்கு எவ்வளவு பயம் இருந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அன்று பிசைந்த மாவு டின் மூடியைத் தூக்கிக்கொண்டு பொங்கியது. ரொட்டி கொஞ்சம் கோணல்தான். ஒரு பக்கம் தூக்கலாகவும் ஒரு பக்கம் சரிவாகவும் இருந்தது. ஆனால் தொட்டால் அமுங்கியது. மாமா பாலில் ஊறவைத்து ஸ்பூனால் எடுத்து நீட்டினார். மாமி வாயருகே வாங்கி ஒரு கணம் நிறுத்தினாள். மாமாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சாப்பிட்டாள். கிண்ணம் காலியானது. மாமா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய் வெகு நேரம் அலம்பிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் விட்டு ஒருநாள் கூஜா தேனாம்பேட்டைக்குப் போய் வந்தது. மாமியின் முகத்தில் மெல்ல ரத்தம் ஊறியது. சுவரில் சாய்ந்து உட்கார ஆரம்பித்தாள். தெருவிலோ அதற்குள் கதை கை கால் முளைத்து நடமாட ஆரம்பித்திருந்தது. மாமா கூஜாவோடு போகிறார் என்று ஒரு வீடு சொன்னால், அங்கேயே ஒரு கூஜா தீர்த்துவிட்டுத்தான் இன்னொன்று கொண்டு வருகிறார் என்றது அடுத்த வீடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஸப் ரிஜிஸ்திரார் வாசலில் வந்து நின்றார். அவர் பஜனை மடத்துக்குத் தலைவர். உத்தியோகத்தில் ரிடையர் ஆனதை அவரிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை என்று தோன்றும்படி இருப்பார். பின்னால் அவருடைய சம்சாரமும் சந்தில் பாதிப் பேரும்.

"ஓய்! தேனாம்பேட்டைக் கள்ளுக்கடைக்குள்ளே போனீராமே? என் பிள்ளை கால்ல விழுந்தானாம். ஆசீர்வாதம் பண்ணிட்டு உள்ளே போனீராம்! வாஸ்தவமா?"

"வாஸ்தவம்தான்."

"எதுக்குப் போனீர்?"

மாமா கூடத்துப் பக்கம் பார்த்தார். அங்கே மாமி. இங்கே பேசுவது அத்தனையும் அவள் காதில் விழும். தனியே அழைத்துச் சொல்லலாம் என்றால், ஸப் ரிஜிஸ்திராரிடம் சொன்னது அவர் சம்சாரத்துக்குப் போய், அன்று மாலைக்குள் மாமிக்கு வந்துவிடும். இன்னும் ஒரு வாரம் ரொட்டிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா அங்கே போனது எதுக்குன்னா..." என்று ஆரம்பித்தேன். மாமா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"குடிக்கத்தான் போனேன்" என்றார்.

ஸப் ரிஜிஸ்திரார் இதை எதிர்பார்க்கவில்லை. இல்லை என்று சாதிப்பார், ஒரு மணி நேரம் குறுக்கு விசாரணை செய்யலாம் என்று வந்தவர். "அப்படின்னா... அப்படின்னா இனிமே மடத்துப் படி ஏறப்படாது!" என்றார்.

"சரி" என்றார் மாமா. கறிவேப்பிலைக்காரியிடம் தோற்காதவர் ஒரு வார்த்தையில் தோற்றுப்போய் நின்றார்.

அப்போது கூடத்தில் மணி அடித்தது. எல்லோரும் திரும்பினோம். மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு நிலைப்படி வரை வந்து நின்றாள். ஜுரத்துக்குப் பிறகு அவள் எழுந்து நடந்தது அதுதான் முதல் தடவை.

"யாரு, இவரா குடிச்சார்?" என்றாள். மெல்லிய குரல்தான். ஆனால் சந்தே கேட்டது. "காசைக் குடுத்துக் கடையில வாங்கியா? குடிக்கணும்னு இருந்தா, கொல்லையில தென்னை நிக்கறது, ஆத்துலயே இறக்கியிருக்க மாட்டாரா?"

முதலில் சிரித்தது ஸப் ரிஜிஸ்திராரின் சம்சாரம். அப்புறம் சந்து முழுவதும் சிரித்தது.

"அவரே ஒத்துண்டாரேம்மா!" என்றார் ஸப் ரிஜிஸ்திரார் பரிதாபமாக.

"அவர் புளியங்கொட்டையைக் காப்பின்னு ஒத்துண்டவர். அவர் பேச்சை எடுத்துக்கலாமோ?"

கள்ளைப் புளிக்கவிட்டு ஊறுகாய்க்குக் காடி, அதாவது வினிகர், பண்ண வாங்கியிருப்பார் என்று ஒருவர் சொன்னார். அதுதான், அதுதான் என்றார்கள் மற்றவர்கள். காரணத்தையும் சந்துக்காரர்களே கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுக் கலைந்து போனார்கள்.

மாமா மாமியைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் பாயில் உட்கார வைத்தார். முன்னறையில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"முதல் வாயிலயே தெரிஞ்சுடுத்து" என்றாள் மாமி. "ஜுரம் வந்து உடம்புதான் போச்சு. மூக்கு போகலை."

"தெரிஞ்சுண்டேவா சாப்பிட்டே?" என்றார் மாமா.

"நீங்க விபூதியை இட்டுண்டு கூஜாவைத் தூக்கிண்டு எனக்காக அங்கே போய் நின்னேளே, அதுக்கு மேல எனக்கு என்ன மடி வேண்டிக் கிடக்கு?"

மாமா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"டாக்டரைக் கேட்டு நாளைக்கே சாதமாப் போடச் சொல்லிடறேன் செல்லம். இது இனிமே வேண்டாம்."

"டாக்டர் சொன்ன நாள் மட்டும் ரொட்டியே பண்ணுங்கோ. நன்னாத்தான் இருக்கு. கொஞ்சம் உப்புதான் போறலை."

மாமா வாசற்படிக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்து, "ஏண்டா, கேட்டுண்டுதானே இருந்தே? அந்தக் கூஜாவைக் கொஞ்சம் தேய்ச்சு வையேன். சாயந்திரம் போகணும்" என்றார்.

கிணற்றடியில் உட்கார்ந்து புளி போட்டுப் பளபளவென்று தேய்த்தேன். அந்த மனுஷருக்குக் கூஜா தேய்க்கவும் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.